வயதுபோனவர்களின் வருத்தமாம்!

34 வயதில் முடக்குவாதம் என்றால் ஒட்டுசுட்டானில் ஒருவரும் நம்புகிறார்களில்லை. "வயதுபோனவர்களுக்குத்தானே மூட்டு தேயும்?" என்கிறார்கள். இது தேய்மானமே இல்லை! உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது. இளம் வயதிலும் வரும், பெண்களுக்குத்தான் அதிகம். காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிறது. தேங்காய் திருவ முடியாது, கிணற்றுக் கயிற்றைப் பிடிக்க முடியாது. மத்தியானம் சற்று இலகுவானால், "இப்போது நன்றாகத்தானே நிற்கிறாய்" என்று அதற்கும் ஒரு பேச்சு. எண்ணெய் பூசு, புளியை விடு என்று ஆளுக்கொரு வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் பொறுக்கலாம். இந்தத் தாக்குதலை அடக்கக் கிழமைக்கு ஒரு தடவை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை, "ஈரலைத் தின்றுவிடும், நிறுத்து" என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஈரலைக் கவனிக்கத்தானே கிரமமாக இரத்தம் சோதிக்கிறார்கள்? மருந்தை நிறுத்தினால் மூட்டு அரிபடும். கோணிப்போன விரலை எந்த எண்ணெய் நிமிர்த்தும்?