அமுங்கிப்போன கேக்கும் புத்தியுள்ள ஆராதனையும்

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தவரை என் கேக் ஒருநாளும் காலை வாரியதில்லை. அத்தை நோட்டில் எழுதிக் கொடுத்த அளவுதான்: மைதா, சர்க்கரை, வெண்ணெய் தலா கால் கிலோ, நாலு முட்டை, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குக் குடிவந்த முதல் கிறிஸ்துமஸுக்கும் அதே அளவில்தான் செய்தேன். ஓவனில் புசுபுசுவென்று எழும்பியது, அப்புறம் நடுவில் குழி விழுந்து அமுங்கியது. மறுநாளும் அதே கதை. வீட்டுக்கு வந்த ஜெபக்குழு அக்கா குழியைப் பார்த்துவிட்டு, "ஜெபிச்சிட்டு வச்சீங்களா சிஸ்டர்?" என்றார்.

ஜெபித்துவிட்டுத்தான் வைத்தேன்.

காரணம் சொன்னவன் ஒன்பதாவது படிக்கும் மகன். இங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர், காற்றழுத்தம் குறைவு. தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். (பருப்பு வேகாததற்கு மளிகைக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.) மாவுக்குள் வாயு அளவுக்கு மீறி உப்பி, கேக் வெந்து இறுகும் முன்பே குமிழ்கள் உடைந்துவிடுகின்றன. பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாக்கி, சர்க்கரையில் இரண்டு ஸ்பூன் குறைத்து, பாலை இரண்டு ஸ்பூன் கூட்டினேன். நிமிர்ந்து நின்றது.

அக்கா கேட்டதை அன்றைக்குச் சிரித்துத் தள்ளிவிட்டேன். போன மாதம் சிரிப்பு வரவில்லை. விசுவாசம் இருந்தால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி, குழுவில் ஒரு அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒருவர், அவர் காதில் விழும்படியே "விசுவாசக் குறைவு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பைபிளில் ரோமர் 12:1 நம்மில் பாதிப்பேருக்கு மனப்பாடம். சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லும் பவுல், அதைப் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். ஜீவபலியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று, அந்தப் "புத்தியுள்ள" மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. கிரேக்க மூலத்தில் அது லோகோஸ் என்பதிலிருந்து வந்த சொல்; வார்த்தை, பகுத்தறிவு இரண்டுக்கும் அதுதான். ஆதியிலே வார்த்தை இருந்தது என்று யோவான் தொடங்குகிறாரே, அதே லோகோஸ்.

இயேசுவின் சீஷரான தோமாவையும் சந்தேகப் பேர்வழி என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறோம். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததை, அவர் காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் எட்டு நாள் கழித்தும் மற்ற சீஷர்களோடு அதே வீட்டில்தான் இருக்கிறார். யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. ஆண்டவரும் கடிந்துகொண்டு போய்விடவில்லை, கையை நீட்டிக் காட்டினார். கேள்வி கேட்கிறவர் நம் ஜெபக்குழுக்களில் எட்டு நாள் தாங்குவாரா?

ஈஸ்ட் ஓர் உயிர், அது சர்க்கரையைத் தின்று வாயுவை விடுவதால்தான் ரொட்டி உப்புகிறது என்று தெரிந்த பிறகும், மூன்றுபடி மாவில் புளித்தமாவை அடக்கிவைத்த பெண்ணைப் பற்றி இயேசு சொன்ன உவமை எனக்குச் சப்பென்று ஆகிவிடவில்லை. ஏற்காட்டுக் குளிரில் மாவு எழும்பக் காத்திருக்கும்போதெல்லாம் அவள் நினைவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்கச் சேலத்துக்கு இறங்கினேன். அவருக்குக் கோதுமை ரொட்டி, பேரப்பிள்ளைகளுக்குக் கேக். "மாத்திரை போட்டுட்டேன், ஜெபமும் பண்ணிட்டேன்" என்று அவரே முந்திக்கொண்டார். கேக் அளவு கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வாசல்வரை வந்தவள், திரும்பிப் போய்த் திருத்தினேன்: உங்க வீட்டுக்கு ஒன்றரை டீஸ்பூன்.