ரொட்டி விலையில் ஒரு பாடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில், ஓர் அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் பொருளாளர். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாகக் கிடைக்கும். போன மாதக் கூட்டத்தில் 18,000 ராண்ட் கேட்டு ஒரு தாள் வைத்தேன். லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் எடுக்கும் இரண்டு ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. தடுப்புக் கல்வியில் நான்கு சனிக்கிழமைப் பயிற்சி, ஆண்டுக்கு நான்கு முறை ஒரு செவிலியர் வந்து பிள்ளைகளோடு பேசுவதற்கான செலவு, ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு கையேடு. அவ்வளவுதான். அதே கூட்டத்தில் டக் ஷாப், அதாவது பள்ளிச் சிற்றுண்டிக் கடை, கூரைக்கு 95,000 ராண்ட் பத்தே நிமிடத்தில் நிறைவேறியது. என் தாளுக்கு மட்டும் "அடுத்த முறை பார்க்கலாம்" என்று பதில். கூரை ஒழுகுவது உண்மைதான். மழைக்காலத்தில் சமோசா நனைந்தால் பிள்ளைகள் பாவம்தான்.

எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற ஒருவர், எனக்கு அண்ணன் முறை, தணிந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, இது நம் பிள்ளைகளுடைய பிரச்சினை இல்லையே." இன்னொருவர் கணக்குத் தெரிந்தவர். "அரசாங்கம் இதற்கென்றே தனியாகப் பணம் ஒதுக்குகிறது. நாம் ஏன் கையிலிருந்து போட வேண்டும்?" என்றார். முதல் பேச்சு எனக்குக் கோபத்தைத் தந்தது. இரண்டாவது நியாயமான கேள்வி; அதற்குப் பதில் சொல்லாமல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆம், பணம் ஒதுக்கப்படுகிறது. அடிப்படைக் கல்வித் துறையிலிருந்து மாகாணங்களுக்கு எச்.ஐ.வி. மற்றும் வாழ்க்கைத் திறன் கல்விக்கென்று நிபந்தனை மானியம் ஒன்று ஆண்டுதோறும் போகிறது. அண்மைய ஆண்டுகளில் அது 240 மில்லியன் ராண்ட் அளவில் நிற்கிறது. கேட்கப் பெரிய தொகைதான். நாட்டின் அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் 12 மில்லியனுக்கும் மேல். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 20 ராண்ட் கூட இல்லை. ஓர் ஆண்டுக்கு. ஒரு ரொட்டியின் விலை. ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌ வாங்கப் போனால், கறியைத் தராமல் குடைந்த ரொட்டியை மட்டும் கையில் கொடுப்பதைப் போன்ற கணக்கு இது. அந்த 20 ராண்டுக்குள்தான் ஆசிரியர் பயிற்சி, கையேடுகள், சக மாணவர் வழிகாட்டல், பள்ளிகளில் அமர்த்தப்படும் மாணவர் ஆதரவாளர்களுக்கான உதவித்தொகை, கண்காணிப்பு அதிகாரியின் பெட்ரோல் எல்லாம் அடங்க வேண்டும்.

கொரோனா ஆண்டில் இதையும் வெட்டினார்கள். விலைவாசி ஏறியிருக்கிறது, மானியம் ஏறவில்லை. ஏறாத தொகை என்பது ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் குறைந்த தொகை என்பது சமையலறைக் கணக்கு பார்க்கும் எவருக்கும் தெரியும்.

இனி அந்தப் பாடம் நடக்கும் விதம். லைஃப் ஓரியன்டேஷனுக்கு வாரத்துக்கு 2 மணி நேரம். மேல் வகுப்புகளில் அதில் பாதி உடற்பயிற்சிக்குப் போய்விடும். மிச்சமுள்ள 1 மணி நேரத்துக்குள் வேலைவாய்ப்பு, குடியுரிமை, போதைப்பொருள், மன அழுத்தம், பிறகு எச்.ஐ.வி. பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கைப் புள்ளிகளில் இந்தப் பாடத்தை முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் பிள்ளைகளுக்கும் அது இளக்காரம். ஆசிரியர்? கால அட்டவணையில் யாருக்கு ஓட்டை விழுகிறதோ அவருக்கு. எங்கள் பள்ளியில் போன ஆண்டு ஒரு கணக்கியல் ஆசிரியர் எடுத்தார். நல்ல மனிதர். அந்த அத்தியாயம் வந்ததும் முகம் சிவந்து, "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாராம். என் மகள் வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 2000இல், நான் மெட்ரிக் படித்தபோது, எங்கள் ஆசிரியையும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்.

அந்த ஆண்டு ஜூலையில் உலக எய்ட்ஸ் மாநாடு டர்பனில் நடந்தது. தொடக்க விழாவில், கிருமியோடு பிறந்த 11 வயது ந்கோசி ஜான்சன், தன் உடம்பைவிடப் பெரிய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மைதான மேடையில் நின்று, எங்களுக்கும் கை கால் உண்டு, நாங்களும் உங்களைப் போன்றவர்களே என்று சொன்னான். அந்தப் பையனைப் பள்ளியில் சேர்க்கலாமா கூடாதா என்று 1997இல் நாடே சண்டை போட்டது. 2001 ஜூன் 1இல் இறந்துபோனான். எங்கள் வகுப்பறையிலிருந்து அந்த மைதானத்துக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எங்களுக்கோ புத்தகத்தில் அந்தப் பக்கம் மூடியே இருந்தது.

"நம் பிள்ளைகளுடைய பிரச்சினை இல்லை" என்ற அண்ணனுக்கு வருகிறேன். அவர் முழுப் பொய் சொல்லவில்லை. கணக்கெடுப்புகளில் இந்திய வம்சாவளியினரிடையே இந்தக் கிருமி மிகக் குறைவு. நாடு முழுவதையும் பார்த்தால் 2022 கணக்கெடுப்பின்படி 7.8 மில்லியன் பேருக்கு இந்தக் கிருமி, எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 16 சதவீதம் பேருக்கு. இந்த எண்களை வைத்துத்தான் சுவர் எழுப்புகிறார்கள். ஆனால் எங்கள் பள்ளி வாசலில் ஒரு காலையில் நின்று பாருங்கள். கறுப்பினக் குடும்பங்கள் வாழும் வெல்பெடாக்டிலிருந்தும் உம்லாசியிலிருந்தும் டாக்சியில் வந்து இறங்கும் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். அவர்கள் பெற்றோர் கட்டும் கட்டணத்தில்தான் டக் ஷாப்புக்குக் கூரை வருகிறது. கட்டணம் வாங்கும்போது நம் பிள்ளைகள், கிருமி என்றால் அவர்கள் பிள்ளைகளா?

சரி, நம் வீட்டுப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்வோம். 'சுகர்ஸ்' என்ற ஹெராயின் கலவை சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீட்டைக் காலி செய்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? புகையில் தொடங்கி ஊசிக்குப் போன பையன்களை எங்கள் குடியிருப்புப் பிரிவிலேயே எனக்குத் தெரியும். ஊசியைப் பகிர்ந்தால் என்ன வரும் என்று அவர்களுக்கு எந்த வகுப்பில் யார் சொன்னார்கள்?

என் அம்மாவின் தம்பி, மாமா, 2003இல் இறந்தார். 34 வயது. லாரி ஓட்டினார். வீட்டில் சொன்னது நிமோனியா. அவருக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு. தொலைக்காட்சியில் சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் நல்லவை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆயா, அம்மாவின் அம்மா, தினமும் பீட்ரூட் சாறு பிழிந்து கொடுத்தார். அவருடைய விரல்கள் மாதக்கணக்கில் சிவப்பாகவே இருந்தன. அரசு மருத்துவமனைகளில் மருந்து கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். மாமா அதற்கு ஒன்பது மாதம் முன்பே போய்விட்டார். அப்போதைய அதிபர் எம்பெக்கி அரசின் அந்தத் தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். அந்த எண்ணில் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் படமாகத் தொங்குகிறது. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அப்போது ஊருக்கே தெரியும். டர்பனிலேயே, ஃபீனிக்ஸுக்கு அடுத்த குவாமாஷுவில் குகு த்லாமினி தனக்குக் கிருமி இருப்பதை வெளிப்படையாகச் சொன்னதற்காக 1998 டிசம்பரில் அடித்துக் கொல்லப்பட்டார். இன்று டர்பன் நகர நடுவில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. அதன் வழியாக நடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும் என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கிருமியோடு போராடி உலகப் பெயர் வாங்கியவர்களில் பலர் டர்பனின் இந்தியர்களே. 2000 மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய குழந்தை மருத்துவர் ஹூசென் கூவாடியா. டொங்காட்டில் பிறந்த ஆய்வாளர் குரைஷா அப்துல் கரீம், அவர் கணவர் சலீம். விழா வைத்தால் அவர்களுக்கு மாலை போட முதல் வரிசையில் நிற்போம். அவர்கள் ஆராய்ந்து சொன்னதைப் பள்ளியில் கற்றுக்கொடுக்க 18,000 ராண்ட் என்றால் அடுத்த முறை.

கரீம் தம்பதியின் குழு கண்டுபிடித்ததில் ஒன்றைச் சொல்கிறேன். இந்த மாகாணத்துக் கிராமப்புறத்தில் கிருமியின் மரபணுவை ஒப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்தார்கள். இளம் பெண்களுக்கு அது பெரும்பாலும் கூடப் படிக்கும் பையன்களிடமிருந்து வரவில்லை. சராசரியாக 8, 9 வயது மூத்த ஆண்களிடமிருந்து வருகிறது. செல்போன், முடி அலங்காரம், டாக்சிக் கட்டணம் கொடுக்கும் 'பிளெஸ்ஸர்' ஐயாக்கள். அப்படியானால் "ஆணுறை அணியுங்கள்" என்று ஒரு சுவரொட்டி ஒட்டிவிட்டு நகர்ந்தால் போதுமா? பதினாறு வயதுப் பெண் இருபத்தைந்து வயது ஆணிடம் அதை எப்படிக் கேட்பாள்? அவன் கொடுத்த போனைத் திருப்பிக் கொடுக்காமல் எப்படி மறுப்பாள்? இதைப் பேசத்தான் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

எனக்கு எதிரான சாட்சியையும் நானே வைத்துவிடுகிறேன். கணக்குத் தெரிந்த நண்பர் எப்படியும் கண்டுபிடிப்பார். 55,000க்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கிய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவச் சான்றுகளை ஆராயும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2016இல் வந்தது. வகுப்பறைப் பாடம் மட்டும் தனியாக எச்.ஐ.வி. தொற்றைக் குறைத்ததாகச் சான்று கிடைக்கவில்லை என்று அது சொன்னது. படித்தபோது எனக்கே வயிறு கலங்கியது. ஆனால் "மட்டும்" என்ற சொல்லைப் பாருங்கள். பாடத்தோடு சேர்ந்து கிளினிக்குக்குப் போகும் வழி வேண்டும், பெண் பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் இருக்க வேண்டும், நம்பிப் பேச ஒருவர் வேண்டும். நான் கேட்ட தொகையில் செவிலியர் இருப்பது அதனால்தான். 12 வயது நிறைந்த பிள்ளை பெற்றோரின் ஒப்புதல் இல்லாமலே பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று 2005இன் சிறார் சட்டம் சொல்கிறது. சட்டம் கொடுத்த கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட ஓர் ஆள் வேண்டாமா?

அந்த ஆள் எங்களிடம் இருந்தாள். மாணவர் ஆதரவாளராக வந்த ஜூலுப் பெண், இருபத்து நான்கு வயது. இடைவேளையில் நூலகத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் வருவார்கள். எங்கள் வீட்டுப் பெண்களும்தான். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. இப்போது ஒரு பேரங்காடியில் பில் போடுகிறாள். என் மகளைப் பார்த்தால் இன்னும் தனியாக அழைத்துப் பேசுகிறாளாம்.

அமெரிக்கப் பணம் இருந்தவரை சில ஓட்டைகள் அடைபட்டிருந்தன. 2003இல் தொடங்கிய பெப்ஃபார் என்ற அமெரிக்க எய்ட்ஸ் உதவித் திட்டம் நம் நாட்டின் எச்.ஐ.வி. செலவில் ஏறத்தாழ 17 சதவீதத்தைத் தாங்கியது. இளம் பெண்களுக்கென்று அது நடத்திய ட்ரீம்ஸ் குழுக்கள் எங்கள் டர்பன் மாநகரான எத்தெக்வினியிலும் இருந்தன. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. எத்தனையோ குழுக்கள் வார இறுதிக்குள் கதவைச் சாத்தின. அடுத்தவர் வீட்டு விறகில் உலை வைத்தால் இப்படித்தான். ஆனால் அடுப்பு நம்முடையது, பிள்ளைகளும் நம்முடையவர்கள்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று என் கணவர் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதினால் பத்து மடங்குப் பேர் படிப்பார்கள். உண்மை. ஆனால் எங்கள் தமிழ் சமையலறைக்கும் கோயிலுக்கும் மட்டும் பழகிய தமிழ். கூழ் ஊற்றலாம், காவடி எடுக்கலாம், தேவாரம் பாடலாம். இந்த நோயைப் பற்றி ஒரு தாய் மகளிடம் பேசச் சொல் கிடையாது. இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலாகக் கண்டுபிடித்ததே சென்னையில், 1986இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அங்கே தமிழில் பேசித்தான் சமாளித்தார்கள். எனக்கு அது தெரிந்தது தற்செயலாக.

மாமாவின் அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்க, அவர் இறந்த ஆண்டுக் கடைசியில் அம்மாவோடு போனேன். சென்னையில் பஸ்ஸில் போகும்போது அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். தமிழ்ப் பள்ளியில் மூன்றே வருடம் படித்தவர். படிக்க முடிகிறது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. ஒரு பெரிய பலகை வந்தது. சத்தமாகப் படித்தார்: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கொஞ்ச தூரம் போன பின், பலகை கண்ணை விட்டு மறைந்த பிறகு, மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பிக்கும் அதுதான்." மறுபடி அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்குப் பெற்றோர் பொதுக்கூட்டம் நவம்பரில். சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்தாகிவிட்டது. பிள்ளையின் பையில் கசங்கிக் கிடக்கும் அந்த மஞ்சள் தாள்தான் அது. வழக்கமாக நாற்பது பேர் வருவார்கள், அதில் பாதிப் பேர் கட்டணக் குறைப்புக்கு. இம்முறை என் தாளை மறுபடி வைக்கிறேன், தொகை 18,000தான், ஒரு ராண்ட் குறைக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது. ஏழாவது டக் ஷாப்புக்குப் புதிய குளிர்பெட்டி. எட்டு மணிக்குள் கிளம்பிவிடாதீர்கள்.