எழுவான்கரைக்கு இரண்டாவது பாதை: நிலம் இருக்கும்போதே ஒதுக்க வேண்டும்

மட்டக்களப்பு நகரிலிருந்து அக்கரைப்பற்று வரையான ஏறத்தாழ 65 கிலோமீற்றர் கரையோரத்தை நாம் இன்னும் தனித்தனி ஊர்களாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம். அரசாங்கத்தின் கோப்புகளிலும் அது அப்படியே இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு ஆரையம்பதியிலோ களுவாஞ்சிகுடியிலோ மருதமுனையிலோ வீதியோரம் நிற்பவர்களுக்கு நிலைமை வேறாகத் தெரியும். களுதாவளையில் குடியிருக்கும் தாதி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகிறார். நாவற்குடாவில் இருக்கும் ஆசிரியர் கல்முனைப் பாடசாலைக்கு வருகிறார். நிந்தவூர் மாணவி வந்தாறுமூலைக்கும், ஏறாவூர் மாணவன் ஒலுவிலுக்கும் பல்கலைக்கழகம் போய்வருகிறார்கள். வங்கி ஊழியர், கடைச் சிப்பந்தி, மேசன், பிரத்தியேக வகுப்புக்குப் போகும் பிள்ளை என்று அத்தனை பேரும் ஏ-4 என்ற ஒரே வீதியில், ஏறக்குறைய ஒரே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ஊர்ப்பெயர்ப் பலகைகள் இல்லையென்றால் எந்த ஊர் எங்கே முடிகிறது என்று வெளியூரார் கண்டுபிடிக்க முடியாத இடங்கள் இந்த வீதியில் எத்தனையோ உண்டு.

நான் பல ஆண்டுகளாக இந்த வீதியில் வேலைக்குப் போய்வருகிறேன். இந்தக் கரைக்கு அடுத்து வரும் பணம் இன்னொரு திறப்பு விழாவுக்குப் போய்ச் சேரும் முன், மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரண்டு மாவட்டங்களையும் ஒன்றாக வைத்து வரைந்த ஒரு திட்டத்துக்கும், அந்தத் திட்டம் கேட்கும் நிலத்தை ஒதுக்கிவைப்பதற்கும், நாளையே ஓடத் தொடங்கக்கூடிய பஸ்களுக்கும் செலவிடப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோரும், அம்பாறை மாவட்டத்தில் ஆறரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோரும் இருந்தார்கள். 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டக்களப்பு 6 இலட்சத்தை நெருங்கிவிட்டது. அம்பாறை 7 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கூடிய இந்தத் தொகையில் பெரும்பகுதி வந்து சேர்ந்திருப்பது எழுவான்கரை எனப்படும், கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலும், அதற்குத் தெற்கே கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட நிலத்திலுமே என்பதை வீதியில் போகிறவர் கண்ணாலேயே காணலாம். கல்லாற்றுப் பக்கம் இந்த நிலத்தின் அகலம் ஒரு கிலோமீற்றரைக்கூட எட்டாது. காத்தான்குடி நாட்டிலேயே மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு கடலோரத்தை விட்டு விலகிய குடும்பங்கள் வீதியை நோக்கியும் வயலை நோக்கியும் நகர்ந்தன. அகலப்படுத்த இடமில்லாத நிலத்தில் ஆள்தொகை மட்டும் கூடுகிறது.

கல்லடிப் பாலத்தின் கதையில் நாம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. 1920களில் ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரில் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வாகனம் போகலாம். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே போகும் முழுப் போக்குவரத்தும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் அந்த ஒற்றைத் தடத்தில்தான் நடந்தது. ஜப்பானிய உதவியுடன் புதிய பாலம் திறக்கப்பட்டது 2013 இல். அடுத்த ஆண்டில், அதே ஜப்பானிய உதவியுடன், பாதை எனப்படும் மிதவையில் ஏறியே கடக்க வேண்டியிருந்த மண்முனைத் துறைக்கும் பாலம் வந்தது. இரண்டும் மிகத் தேவையான வேலைகள், அதில் எனக்கு ஐயமில்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து நோயாளியை நள்ளிரவில் கொண்டுவர வேண்டியிருந்த குடும்பத்திடம் கேட்டால் மண்முனைப் பாலத்தின் பெறுமதியைச் சொல்வார்கள். ஆனால் கல்லடியில் நின்ற நெரிசல் பாலம் திறந்ததும் மறைந்துவிடவில்லை. அது நாவற்குடாவுக்கும், ஈச்சமரங்கள் நடுவே நிற்கும் காத்தான்குடிப் பிரதான வீதிக்கும் இடம் மாறியது. அங்கே அகலப்படுத்தினால் ஆரையம்பதிச் சந்திக்குப் போகும். அங்கும் அகலப்படுத்தினால் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போகும். ஒரே வீதியை நம்பியிருக்கும் ஊர்களில் ஓரிடத்தை மட்டும் திருத்துவது நெரிசலை அடுத்த ஊருக்கு அனுப்புவதாகவே முடியும்.

ஆகவேதான் இரண்டாவது பாதை என்று சொல்கிறேன். அது எழுவான்கரையில் வர முடியாது. கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் கோயில் மதில்களையும் இடித்துக்கொண்டு நான்கு தடம் போடுவதை எந்த ஊரும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. அப்படிப் போட்டாலும் பாடசாலை வாசலில் வாகனங்களின் வேகம் கூடுவதுதான் மிச்சமாகும். இடம் இருப்பது வாவிக்கு அப்பால், மேற்குக் கரையான படுவான்கரையில். வவுணதீவிலிருந்து கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர், நாவிதன்வெளி ஊடாகச் சம்மாந்துறை வரை வீதிகள் ஏற்கெனவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. சில துண்டுகள் காபட், சில துண்டுகள் கிறவல், சில மாரியில் காணாமல் போகின்றவை. இவற்றை உயர்த்தி, போதிய மதகுகளுடன் ஒரே வீதியாக இணைத்து, வலையிறவு, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களாலும், இனிக் கட்ட வேண்டிய கடவைகளாலும் கரையோரத்துடன் தொடுத்தால், நெல் ஏற்றும் லொறியும் மணல் ஏற்றும் டிப்பரும் தூரப் பயண பஸ்ஸும் காத்தான்குடி நடுவால் போக வேண்டிய கட்டாயம் இல்லாமற் போகும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே மிதவைப் பாதையை நம்பி வாழ்ந்த மக்கள் தலைமுறைகளாகக் கேட்ட பாலங்களை, ஒவ்வொன்றையும் தனியான ஒரு வாக்குறுதியாகப் பார்க்காமல், இந்த வலையமைப்பின் கண்ணிகளாகப் பார்க்க வேண்டும். படுவான்கரைக்கும் இதில் நியாயம் இருக்கிறது. மாவட்டத்தின் நெல்லையும் பாலையும் தருகிற கரை, போருக்குப் பின்னும் வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் பஸ்ஸுக்கும் காத்திருக்கிற கரையாகவே இருந்துவருகிறது.

இந்தப் பாதைக்கான நிலத்தை இப்போதே அடையாளமிட்டு ஒதுக்காவிட்டால் பிறகு அது கிடைக்காது. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயல் நிரப்புவது குற்றம். ஆனால் கல்முனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் போகிறவர், ஆண்டுக்கு ஆண்டு கிறவல் கொட்டிய புதிய துண்டுகளைக் காணாமல் போக முடியாது. அவற்றில் வீடு கட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கரையோரத்தில் ஒரு பேர்ச் காணி வாங்க முடியாத விலை வந்த பின், அடுத்த தலைமுறை வேறெங்கே போகும்? குடியிருப்பு எங்கே வரலாம், வெள்ளம் எங்கே போக வேண்டும், வீதி எங்கே வரும் என்று ஒரு வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுக்காதவர்கள்தான் இதற்குப் பொறுப்பு. இன்று வயலாக இருக்கும் நிலத்தைச் சுவீகரிக்கும் செலவும், பத்து ஆண்டுகளுக்குப் பின் அங்கே எழுந்திருக்கும் வீடுகளுக்கு நட்டஈடு கொடுத்துச் சுவீகரிக்கும் செலவும் ஒன்றாகாது.

புகையிரதப் பாதையின் கதையும் இதுவேதான். 1928 இல் மட்டக்களப்பை வந்தடைந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. அதைக் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்டுவது பற்றிப் பல அரசாங்கங்கள் பேசியிருக்கின்றன. அந்தப் பேச்சு நடந்த காலமெல்லாம், தண்டவாளம் போகக்கூடிய நிலம் வீடாகவும் மதிலாகவும் மாறிக்கொண்டிருந்தது. தெற்கு நீட்சி இந்தப் பொருளாதார நிலையில் உடனே வராது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வடக்கே தண்டவாளம் இருக்கிறதே! மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், வந்தாறுமூலை, வாழைச்சேனை வரை இருக்கும் அந்தப் பாதையில் கொழும்புத் தொடர்பான தூரப் பயண ரயில்கள் போய்வருகின்றன. காலையும் மாலையும் பல்கலைக்கழகத்துக்கும் அலுவலகங்களுக்கும் போகிறவர்களுக்காகக் குறுந்தூர ரயில் பஸ் ஒன்றை அதில் ஒழுங்காக ஓட்டிக் காட்டுவதற்குப் புதிதாக நிலம் எதுவும் தேவையில்லை.

மாரி மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பிரதேசத்தின் வீதியைப் பற்றிப் பேசவே முடியாது. 2024 நவம்பர் 26 அன்று, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அள்ளுண்டது. பிள்ளைகள் இறந்தார்கள். அது யாருக்கும் தெரியாத ஒரு குறுக்கு வழியில் நடந்ததல்ல. கரையோர மக்கள் தங்கள் மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டிய காரைதீவு–அம்பாறைப் பிரதான வீதி அது. கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியும் பெருமழைக் காலங்களில் நீருக்குள் போகிறது. அப்போது உத்தியோகத்தர்களும் மாணவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தையும் நாம் பார்த்தோம். கல்லோயா, நவகிரிப் பக்கங்களிலிருந்து வரும் நீர் வயலில் பரந்து, வாவியில் இறங்கி, முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பின் கடலுக்குப் போக வேண்டும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே போடப்படும் ஒவ்வொரு வீதியும் ஓர் அணைக்கட்டு வேலையைச் செய்கிறது என்பதால், வீதித் திட்டமும் வடிகால் திட்டமும் ஒரே மேசையில் வரையப்பட வேண்டும். சாய்ந்தமருதுத் தோணா போன்ற இயற்கையான வடிகால்களைக் குப்பையும் ஆக்கிரமிப்பும் மூடவிட்டு, பிறகு வீதியோரத்தில் கொங்கிறீற்று வடிகான் கட்டுவதால் எந்த ஊரும் வெள்ளத்திலிருந்து தப்பியதில்லை.

ஆய்வு செய்யாமல் போட்ட பணம் என்ன ஆகும் என்பதற்கு ஒலுவில் போதும். டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்துக்குச் சொல்லப்பட்ட வணிகக் கப்பல்கள் வந்து சேரவில்லை. கரையோரமாக நகரும் மணல் துறைமுக வாயிலை அடைத்தது. அந்த மணல் போய்ச் சேராத வடக்குப் பக்கத்தில் கடல் நிலத்தைத் தின்றது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோட்டமும் படகு இழுக்கும் கரையும் இழந்தவர்கள் அந்த முதலீட்டின் உண்மையான கணக்கை அறிவார்கள். கடனை மட்டும் நாடு முழுவதும் சேர்ந்து கட்டுகிறது.

சரி, இதையெல்லாம் யார் திட்டமிடுவது? ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு, நகர சபைக்கு, மாநகர சபைக்கு. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. அதே வீதியில் ஓடும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் மத்திய அமைச்சின் கீழ். பெரியகல்லாற்றைத் தாண்டியதும் மாவட்டமே மாறிவிடுகிறது. இரண்டு மாவட்டங்களுக்கும் மேலே நின்று இவற்றை இணைக்க வேண்டிய கிழக்கு மாகாண சபையின் பதவிக் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது; அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. 2025 மே மாதம் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், இந்தக் கரையின் பெருநகரங்களில் ஒன்றான கல்முனையின் மாநகர சபைக்கு வழக்கின் காரணமாக வாக்களிப்பே நடக்கவில்லை. பாராளுமன்ற உறுப்பினரின் நிதி தன் வாக்காளர் இருக்கும் ஒழுங்கையில் போய் முடிகிறது. அதில் வியப்பில்லை, அவரை அப்படித்தான் நாம் கணக்குக் கேட்கிறோம்.

தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வரும் இந்த வீதியில், ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு பஸ் நிலையம், ஒரு சபை, ஒரு பிரிவு கேட்டதற்குப் பின்னால் உண்மையான அச்சங்களும் இழப்புகளும் இருந்தன. எல்லைகளைப் பற்றிய அந்த வாதம் தீரும்வரை பஸ்ஸையும் வடிகாலையும் நிறுத்திவைப்பதுதான் தவறு. களுவாஞ்சிகுடியில் ஏறுகிறவரும் மருதமுனையில் ஏறுகிறவரும் ஒரே பஸ்ஸில்தான் நின்றுகொண்டு போகிறார்கள்.

அந்த பஸ்ஸைச் சரிசெய்ய ஆண்டுகள் தேவைப்படாது. இன்று இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருகின்றன. அவை போன பின் நெடுநேரம் ஒன்றுமில்லை. மாலை ஏழு மணியைத் தாண்டினால் கடையில் வேலை செய்யும் பெண்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றும்வரை நிற்க வேண்டும். பருவச்சீட்டு வைத்திருப்பவர் முன்னால் நிற்கும் தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு இ.போ.ச. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். இதனால்தான் முதற் சம்பளம் எடுத்ததும் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்குகிறார்கள். வீதி மேலும் நெருங்குகிறது, விபத்துச் செய்தியும் கூடுகிறது. மட்டக்களப்பு–அக்கரைப்பற்று வழியில் அரச பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் ஒரே இணைந்த நேர அட்டவணை, இரண்டிலும் செல்லும் பருவச்சீட்டு, காலையில் பத்து நிமிடத்துக்கு ஒன்று, இரவு பத்து மணிக்குக் கடைசி பஸ், களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் படுவான்கரைப் பஸ்கள் வந்து பொருந்தும் நேரம், கூரையும் விளக்கும் உள்ள தரிப்பிடங்கள்: இவற்றுக்கான செலவு ஒரு பாலத்தின் செலவோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. பஸ் உரிமையாளருக்கு இரவு ஓட்டத்தில் நட்டம் வருமானால் அந்த நட்டத்தை மாகாணம் ஈடுசெய்ய வேண்டும். காபட்டுக்குக் கொடுக்கும் பணம் முதலீடு, பஸ்ஸுக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு என்ற கணக்கை நான் ஏற்கமாட்டேன்.

மாகாண சபைத் தேர்தல் பற்றி மீண்டும் பேச்சு எழுந்திருக்கும் காலம் இது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் ஒழுங்கைக்குக் காபட் கேட்பதற்கு முன், இரண்டு மாவட்டச் செயலாளர்களும் வீதி, நீர்ப்பாசன, கமநல, நகர அபிவிருத்தி அதிகாரிகளும் ஒன்றாக இருந்து வரையும் ஒரு வரைபடத்தை, வவுணதீவு முதல் சம்மாந்துறை வரையான பாதையின் எல்லைக்கோட்டுடன், எங்கள் பிரதேச செயலகச் சுவரில் தமிழில் எப்போது ஒட்டுவீர்கள் என்று கேளுங்கள். மாவடிப்பள்ளிக்கும் கிட்டங்கிக்கும் உயர்ந்த பாலங்கள் எந்த ஆண்டின் ஒதுக்கீட்டில் வரும் என்றும் கேளுங்கள். திகதியும் தொகையும் எழுத்தில் தருகிறவருக்கு என் வாக்கு உண்டு.