தர்மபுரிப் பற்களின் பழுப்புக்கு பேஸ்ட் காரணமில்லை

தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகளின் பல் பழுப்பாவதற்கு ஃபுளோரைடு பேஸ்ட்தான் காரணம், அதைத் தூக்கி எறியுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல் மருத்துவராகச் சொல்கிறேன், இது தவறு.

காரணம் நிலத்தடி நீர். அங்குள்ள பாறைகளிலிருந்து ஃபுளோரைடு கரைந்து கிணற்றிலும் போர்வெல்லிலும் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல கிராமங்களில் அதைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது.

பென்னாகரம் பக்கம் ஒரு முகாமில் பத்து வயதுச் சிறுமி வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினாள். முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே பழுப்புப் பட்டை. வீட்டில் பேஸ்ட் வாங்கியதே இல்லை, வேப்பங்குச்சிதான் என்றார் அவள் அம்மா. குடிப்பது போர்வெல் தண்ணீர். பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் விழும் கறை அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

சரி, சின்னப் பிள்ளைகள் பேஸ்ட்டை விழுங்கக் கூடாது என்பது உண்மைதான். மூன்று வயதுவரை அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு, பெரியவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். பேஸ்ட்டை அடியோடு நிறுத்தினால் சொத்தைதான் கூடும். உங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல் என்ற சந்தேகம் இருந்தால், முதலில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது.