பெர்ஜவனுக்கு எந்த நாளில் மார்க் போடுவது?

ஆட்டக்காரர்களை வாங்குவது, கொடுப்பது எல்லாம் முடிவு செய்யும் பொது மேலாளராக இருந்த மார்க் பெர்ஜவனை மொன்றியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹொக்கி அணி 2021 நவம்பரில் வேலையை விட்டுத் தூக்கியது. இன்னமும் ஹொக்கி ஆட்கள் நாலு பேர் கூடினால் அவர் பேச்சு வராமல் இருப்பதில்லை. பேச்சு எப்போதும் சுபான், வெபர் என்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்களை அணிகள் மாற்றிக்கொண்ட ட்ரேடில்தான் தொடங்கும்.

2016 ஜூன் 29. சுபானின் ஒப்பந்தத்தில் 'சம்மதமில்லாமல் மாற்ற முடியாது' என்ற நிபந்தனை ஜூலை 1 அன்று அமலுக்கு வரவிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு 27 வயது சுபானை நாஷ்வில் அணிக்குக் கொடுத்து, 30 வயது ஷே வெபரை வாங்கினார். வெபரின் ஒப்பந்தம் 2026 வரை! அடுத்த வருடமே நாஷ்வில் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது, ஊரே பெர்ஜவனைக் கிழித்தது. 2019இல் அதே நாஷ்வில் சுபானை நியூ ஜெர்சிக்குத் தள்ளிவிட்டது. 2021இல் வெபர் கேப்டனாக மொன்றியலை இறுதிப் போட்டிக்குக் கூட்டிப் போனார், அதன் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒரே ட்ரேட், வருடத்துக்கு ஒரு தீர்ப்பு. அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்துப் போட்ட அன்று மேசையில் என்ன இருந்தது என்று பார்த்து மார்க் போடுங்கள்.

அப்படிப் பார்த்தால் தப்பிவிடுவாரா? இல்லை, சில இடங்களில் இன்னும் மோசமாக மாட்டுகிறார். 2017 ஜூனில் டாம்பா பே அணியின் ட்ரூவாங்குக்காக இளம் தடுப்பாட்டக்காரர் செர்காச்செவைக் கொடுத்தார். கியூபெக்கில் பிறந்த, பிரெஞ்சு பேசும் கோல் அடிப்பவன் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் இடது பக்கத் தடுப்பாட்டத்தைத் தாங்கிய மார்கோவுக்கு அப்போது 38 வயது, ஒப்பந்தமும் முடிகிற நேரம். அந்த இடத்துக்கென்று கையில் இருந்த பையனையே கொடுத்தால்? மார்கோவும் அந்தக் கோடையிலேயே போய்விட்டார். செர்காச்செவ் டாம்பா பேயில் இரண்டு கோப்பை தூக்கினார், இரண்டாவது மொன்றியலையே தோற்கடித்து.

முன்கள ஆட்டக்காரர் டானோவை வாங்கியது நல்ல வேலை. 2016 கோடையில் ஒப்பந்தம் முடியவிருந்த இரண்டு பேரைக் கொடுத்து வாங்கியது அது. பாசியோரெட்டியைக் கொடுத்து இளம் ஆட்டக்காரர் சுசுகியை எடுத்ததும் அப்படித்தான், கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கோபமெல்லாம் கோல்காப்பாளர் கேரி பிரைஸ் ஒப்பந்தத்தில்தான். 8 வருடம், 84 மில்லியன் டொலர். 2017 ஜூலையில் கையெழுத்தானது, தொடங்கியது 2018இல், அப்போது அவருக்கு 31 வயது. கையெழுத்தான வருடம் ஒரு அணியின் மொத்தச் சம்பள வரம்பே 75 மில்லியன். அதில் பத்தரை மில்லியன் ஒரே கோல்காப்பாளருக்கு. முழங்கால் போகும் என்று யாருக்கும் தெரியாதுதான். வயது ஏறும் என்பது தெரியாதா? பழைய ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருந்தது, அவசரமே இல்லை. 2021இல் அணியை இறுதிவரை இழுத்துப் போனது பிரைஸ்தான், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஆடியது மொத்தம் ஐந்து ஆட்டம். கடைசியில் 2025 செப்டம்பரில் அந்த ஒப்பந்தத்தை சான் ஹோசே அணியின் தலையில் கட்ட, புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் ஐந்தாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.