துறையூர் அட்டை, கோத்தகிரி வீடு

இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. மலையகத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக்கு என்று இந்தியாவும் இலங்கையும் பேசி முடித்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் வீட்டு ஆட்களும் சேர்த்தி. அட்டைப்படி எங்கள் இடம் திருச்சி மாவட்டம்; கிடைக்கும் உதவி, வியாபாரக் கடன். நாங்களோ ஐம்பது வருடமாகக் கோத்தகிரியில் இருக்கிறோம்.

அதற்கு முந்தின பயணத்தில், முன்னோர்கள் இலங்கைக்குப் போனதில், எனக்குக் குழப்பமில்லை. துறையூர் பக்கம் வானம் பார்த்த பூமி. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்தான், கிளம்பினார்கள். மன்னார் பக்கம் இறங்கி, காட்டு வழியாகக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். முதலில் காப்பி. 1869இல் இலைநோய் தொடங்கி அது அழிந்தபின் தேயிலை. வேறு தோட்டத்துக்குப் போனாலும் கடன் 'துண்டு' சீட்டாகக் கூடவே வரும். இதைப் போய் 'குடியேறினார்கள்' என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

என் கேள்வியெல்லாம் தாத்தாவைப் பற்றியது. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் துறையூர். பங்காளிகள் காபி கொடுத்தார்கள், கூடவே நிலத்தில் பங்கு கேட்க வந்தானோ என்ற பார்வையும். தேயிலைக் கொழுந்து பறிப்பதும் செடியைக் கவ்வாத்து வெட்டுவதும் பழகிய மனுஷனிடம் கடன் கொடுத்து மளிகைக்கடை வை என்றால்? கேட்டவருக்கெல்லாம் கடனுக்குக் கொடுத்தார். ஒரே வருடத்தில் கடைக்குப் பூட்டு. பூர்வீகம் எது என்று பார்த்த அதிகாரிகள், என்ன வேலை தெரியும் என்று யோசிக்கவேயில்லை என்பது என் கோபம்.

சரி, கோத்தகிரி எப்படி? இலங்கையில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் அங்கே இருந்தார், கடிதம் போட்டார். தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தார்கள். எங்கள் அட்டையில் வியாபாரக் கடன் என்று இருந்ததால் அந்த வேலை கிடைக்கவில்லை. தனியார் தோட்டத்தில் தினக்கூலி. இலங்கையில் இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன், அதையும் கேட்டுக்கொண்டார்கள்.

பிழைப்புக்காக வந்தோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாயி ஒப்புக்கொள்ளவில்லை. "பிழைப்பு திருப்பூர்லயும்தான் இருந்துச்சு. அந்த வெக்கையில உங்க தாத்தாவுக்கு ஒரு ராத்திரி தூக்கமில்ல."

மேட்டுப்பாளையத்தில் ஏறிய பஸ் குஞ்சப்பனையைத் தாண்டியதும் பனி இறங்கியதாம். துறையூரிலிருந்து வாயே திறக்காமல் வந்த தாத்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இங்கயும் அட்டை கடிக்குமா?" என்று கேட்டாராம்.