தட்டில் என் முகம்தான் தெரிந்தது

ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு வீடியோ கேம் டிஸ்க் வாங்கினேன். உள்ளே விளையாட்டு இருக்கும் என்று நம்பியது என் முட்டாள்தனம். போட்டவுடன் 94 ஜிபி அப்டேட் வேண்டும் என்றது. அப்படியானால் இந்தத் தட்டில் என்னதான் இருக்கிறது? திருப்பிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது.

அது வெள்ளிக்கிழமை. விடிய விடிய இறங்கி முடிந்தது. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். வாரத்தில் எனக்கென்று கிடைப்பது அந்த இரண்டு மணி நேரம்தான்.

முதலில் ஒப்பந்தம். கடைசி வரி வரை உருட்டினால்தான் 'சம்மதம்' பொத்தான் உயிர்பெறும். உருட்டினேன். கட்டைவிரல் மரத்துப் போனது. பிறகு கணக்குத் தொடங்கச் சொன்னது. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும். நவரத்தினம் மட்டும் கேட்கவில்லை. அடுத்து ஓடிபி. மின்னஞ்சலில் அது வந்து சேர்ந்தபோது 'காலாவதியாகிவிட்டது' என்றது. மறுபடி அனுப்பச் சொன்னேன். இரண்டு ஒன்றாக வந்தன. எது புதியது? பழையதைத்தான் போட்டிருக்கிறேன்.

அப்புறம் நான் மனிதன்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது அதற்கு. திரையில் ஒரு யானை. பக்கத்தில் ஒரு கை, எங்கோ விரல் நீட்டுகிறது. விரல் காட்டும் திசைக்கு யானையைத் திருப்ப வேண்டுமாம். திருப்பினேன். 'இன்னும் நான்கு.' ஒட்டகம், ஆமை, வாத்து, மறுபடியும் அதே யானை. நாற்பது வயதில் இரவு ஒன்பதரைக்கு யானையைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறேன், வீட்டில் யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு.

ஒருவழியாக உள்ளே போனால் கடை! ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, அதற்குள் பேட்டில் பாஸ் என்று ஆட ஆடப் பரிசு தரும் கட்டணச் சீட்டு, தங்க முலாம் பூசிய துப்பாக்கி, இன்றோடு முடியும் தள்ளுபடி. எல்லாவற்றையும் மூடிவிட்டு 'தொடங்கு' என்பதை அழுத்தினேன். 'சர்வர் பராமரிப்பில் உள்ளது.' இது ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டு, ஐயா! எதிரில் ஆளே இல்லை. எனக்கு எதற்கு சர்வர்?

2006-ல் 'ஆப்லிவியன்' விளையாட்டில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. சிரித்தவர்கள்தான் இன்று விளையாட்டுக்குள் மாட்டும் தொப்பிக்கும் காலணிக்கும் வரிசையில் நிற்கிறோம். 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டுக்கு 2024 மார்ச்சில் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அன்றோடு அதைத் தொட முடியாமல் போயிற்று. புத்தகக் கடைக்காரர் பத்து வருடம் கழித்து வீட்டுக்கு வந்து அலமாரியைக் காலி செய்தால் சும்மா விடுவோமா?

கோபத்தில் மடிக்கணினியைத் திறந்து 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை விளையாட்டை இறக்கினேன். ஒரு ஜிபிகூட இல்லை; பால் பொங்குவதற்குள் வந்துவிட்டது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016-ல் வெளியிட்டது. எட்டு வருடம் கழித்து வந்த பெரிய அப்டேட்டுக்கும் அவர் ஒரு பைசா வாங்கவில்லை. அந்த டிஸ்க் விளையாட்டிலோ நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து எனக்கு யானையைச் சுற்றக் கற்றுக்கொடுத்தார்கள்.

விளையாட்டில் தாத்தா ஒரு கடிதத்தோடு பண்ணையை எழுதிவைத்துவிட்டுப் போகிறார். கையில் பதினைந்து விதைகள். கல்லைப் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, தண்ணீர் ஊற்றினேன். யாரும் ஓடிபி கேட்கவில்லை. மணி பதினொன்றரை.

என் தாத்தாவும் நிலம் விட்டுத்தான் போனார். ஒன்றரை ஏக்கர், பட்டாவில் நான்கு பெயர், வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திய சித்தப்பா. அளந்து தாருங்கள் என்று பணம் கட்டி ஆறு மாதம் ஆகிறது. சர்வர்தான் வரவில்லை என்றால், சர்வேயரையும் காணோம்.